ரிவர்ஸில் முன்சக்கரம்: பனி தள்ளும் ஒரு ஏ.டி.வி.யின் ஒயரிங் மாற்றம்

வண்டி பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500, காடுமேட்டிலும் ஓடும் நான்கு சக்கர ஏ.டி.வி. 2000களின் நடுப்பகுதியில் வந்த கார்புரேட்டர் மாடல், இரண்டாம் கையாக வாங்கியது. இடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், டுலூத் நகருக்கு வடக்கே சுப்பீரியர் ஏரியை ஒட்டிய மேட்டுப்பகுதி. குளிர்காலம் முழுக்க, வீட்டு வாசலில் தொடங்கிச் சாலைவரை இறங்கும் சரிவுப் பாதையில் பனியைத் தள்ளுவதுதான் வேலை. முன்னால் அகலமான இரும்புத் தகடு, அதைத் தூக்கி இறக்க ஒரு வின்ச் (வடத்தைச் சுருட்டி இழுக்கும் மின் மோட்டார்). வண்டிக்காரர் பணி ஓய்வு பெற்றவர், நல்ல கைவேலைக்காரர். ஒயரிங் மட்டும் அவருக்கு ஆகாது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

அவர் சொன்ன குறை ஒரே வரி: "ரிவர்ஸில் வண்டிக்குப் பலமே இல்லை, அந்த லிமிட்டரைப் பிடுங்கிப் போட்டுவிடு."

கடைசியில், ரிவர்ஸில் எஞ்சின் வேகத்தை அடக்கும் அந்த லிமிட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது, குறை தீர்ந்தது. அதற்குக் காரணமான ஒயரிங் மாற்றம் சின்னது. ஆனால் அந்த மாற்றத்துக்கு வந்து சேர, ரிவர்ஸில் அந்த வண்டி என்ன செய்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பெரும்பாலான ஏ.டி.வி.க்காரர்கள் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக ஒயர் கட்டருக்குப் போகிறார்கள்.

எந்தக் கைக்கு என்ன வேலை

ஓட்டிப் பழகாதவர்களுக்காக ஹேண்டில்பாரைக் கொஞ்சம் விவரிக்கிறேன். இந்த வகை வண்டியில் ஆக்சிலேட்டர் வலது கட்டைவிரலால் தள்ளும் சின்ன நெம்புகோல். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லீவர், அது இடது கையில். கியர் மாற்றும் தண்டு டேங்குக்கு வலப்பக்கம். இடது கட்டைவிரல் எட்டும் இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஓவர்ரைடு பட்டன். வின்ச் மாட்டியவர் அதன் சுவிட்சையும் இடப்பக்கமே வைத்திருந்தார். அதைக் குறை சொல்ல முடியாது, வலது கட்டைவிரல் ஆக்சிலேட்டரை விட்டு நகர முடியாதே.

இப்போது ஒரு தள்ளு முடிகிற இடத்தில் நிற்கிறோம். தகட்டுக்கு முன்னால் முழங்கால் உயரம் பனிக்குவியல். வண்டியை நிறுத்தி, வலது கையால் கியரை ரிவர்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். இடது கட்டைவிரலால் வின்ச்சை அழுத்தித் தகட்டைத் தூக்க வேண்டும். தூக்காமல் பின்னே இழுத்தால் தகடு பனியை வாரிக்கொண்டே வரும். அதே கட்டைவிரலை நகர்த்தி மஞ்சள் பட்டனை அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு, வலது விரலால் ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும். கழுத்து பின்னால் திரும்பியிருக்கும். கையில் மைனஸ் 25 டிகிரிக்கான தடித்த கையுறை. அதற்குள்ளிருந்து எது பட்டன், எது சுவிட்ச் என்று தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காலைப்பொழுதின் வேலைக்குள் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பனி தள்ளுகிற வண்டி முன்னே போகிற அளவுக்குப் பின்னேயும் போகிறது.

பட்டனைப் பிடிக்காவிட்டால் என்ன? வண்டி பின்னே நகரும், ஆனால் நடை வேகத்துக்கு மேல் போகாது. எஞ்சின் தும்முவதுபோல் விட்டுவிட்டு ஓடும். இவர் "பலமில்லை" என்றது இந்தத் தும்மலைத்தான்.

மஞ்சள் பட்டனுக்குள் இரண்டு வேலை

அந்தப் பட்டனின் வேலை ரிவர்ஸ் வேகத் தடையை விலக்குவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. இந்தத் தலைமுறை வண்டியில், முன்சக்கரங்களையும் சேர்த்து இழுக்க வைக்கும் ஃபோர் வீல் சுவிட்சைப் போட்டுவிட்டு ரிவர்ஸ் கியருக்குப் போனால் முன்சக்கரங்களுக்குச் சக்தி போகாது. மஞ்சள் பட்டனை அழுத்தினால்தான் போகும். அதாவது ஒரே பட்டன் இரண்டு பூட்டுகளைத் திறக்கிறது. ஒன்று எஞ்சின் வேகத்தின் மேல் வைத்த தடை, மற்றது முன்சக்கர இணைப்பின் மேல் வைத்த தடை. முன்னது பாதுகாப்புக்காக வைத்தது. பின்னதற்கு இந்த வேலையில் எந்தத் தேவையும் இல்லை.

முன்சக்கர இணைப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் மேலே சொல்வது புரியும். ஜீப்பில் இருப்பதுபோல் தண்டை இழுத்துப் பல்லோடு பல்லைக் கோக்கிற ஏற்பாடு இதில் இல்லை. முன் கியர் பெட்டிக்குள் உருளைகள் அடுக்கிய ஒரு கூண்டும், பக்கத்தில் ஒரு மின்காந்தச் சுருளும் இருக்கின்றன. சுருளுக்கு மின்சாரம் வந்ததும் ஒரு மெல்லிய இரும்புத் தட்டை இழுத்துப் பிடிக்கும். அந்தத் தட்டு கூண்டை லேசாகப் பின்னிழுக்கும். பின்சக்கரங்கள் வழுக்கி, முன்சக்கரங்களைவிட வேகமாகச் சுழல ஆரம்பித்த நொடியில் உருளைகள் ஆப்புபோல் இறுகி இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும். பின்சக்கரத்துக்குப் பிடி கிடைத்ததும் உருளைகள் தளர்ந்துவிடும். கூண்டு எந்தத் திசையிலும் நகரக்கூடியது. முன்னே போனாலும் பின்னே போனாலும் இதே வேலையைச் செய்யும். ஆக, இந்த வண்டி ரிவர்ஸில் முன்சக்கரத்தை இழுக்க இயந்திர ரீதியாக எந்தத் தடையும் இல்லை. தடை முழுக்க மின்சாரத்தில்.

லிமிட்டர் ஏன் இருக்கிறது என்பதற்கும் இயந்திரக் காரணம்தான். முன்னே ஓடும்போது ஹேண்டில்பாரை விட்டால் சக்கரம் தானாக நேராகும். ஸ்டியரிங் அச்சைச் சாய்த்து வைத்திருப்பதே அதற்காக. பின்னே ஓடும்போது அதே சாய்வு எதிரியாகிவிடும். சக்கரம் நேராவதற்குப் பதில் ஏதாவது ஒரு பக்கம் மடிந்து, கடைசிவரை திரும்பப் பார்க்கும். மெதுவாகப் போனால் கை தாங்கிக்கொள்ளும். வேகமாகப் போனால் ஹேண்டில்பார் கையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும். நீளம் குறைந்த, உயரமான வண்டி, அகலமும் குறைவு, ஓட்டுபவரோ பின்னால் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். கவிழ இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தயாரிப்பாளரின் கையேடும் ஆக்சிலேட்டர் திறந்திருக்கும்போது ஓவர்ரைடு பட்டனை அழுத்தாதே என்று எச்சரிக்கிறது. அடக்கி வைத்திருந்த எஞ்சின் திடீரென்று விடுபட்டால் வண்டி பின்னால் பாயும்.

கழற்றிப் பார்த்ததில் கிடைத்தது

ஹேண்டில்பாருக்கு நடுவே உள்ள விளக்குக் கூட்டைத் திறந்ததும் பாதிக் கதை வெளியே வந்துவிட்டது. யாரோ முன்பு வைத்திருந்தவர் மஞ்சள் பட்டனின் இரண்டு ஒயரையும் சுரண்டி, ஒன்றோடொன்று முறுக்கி, சாதாரணக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். பட்டனை நிரந்தரமாக அழுத்தி வைத்ததற்குச் சமம். டேப் குளிரில் காய்ந்து சுருண்டிருந்தது. உள்ளே தாமிரம் பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது.

முறுக்கு சில நேரம் தொட்டது, சில நேரம் தொடவில்லை. அதனால்தான் சில நாள் ரிவர்ஸில் வண்டி சிங்கம்போல் இழுத்ததாகவும், மறுநாள் சவலைப்பிள்ளைபோல் முனகியதாகவும் வண்டிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். போன குளிர்காலத்தில் ஒருமுறை, பாதி ஆக்சிலேட்டரில் பின்னே வந்துகொண்டிருந்தபோது வண்டி திடீரென்று துள்ளிப் பாய்ந்து கராஜ் கதவின் ஓரச் சட்டத்தை நசுக்கியிருக்கிறது. கை தவறிவிட்டது என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருந்தார். கை தவறவில்லை. ஆக்சிலேட்டர் திறந்திருந்த நேரத்தில், வண்டி குலுங்கியதில் அந்த முறுக்கு தொட்டிருக்கிறது. கையேடு எதைச் செய்யாதே என்கிறதோ அதை ஒயரே செய்துவிட்டது.

இன்னொரு தடயமும் இருந்தது. பயண தூரம் காட்டும் எண் அடிக்கடி சுழியத்துக்குத் திரும்பியது. மீட்டர் கோளாறு என்று அதையும் தனியாக ஒரு பட்டியலில் எழுதி வைத்திருந்தார். இந்த வண்டியில் மஞ்சள் பட்டன்தான் மீட்டரின் காட்சியை மாற்றும் பட்டனும். முன்கியரில் அதை நீண்ட நேரம் அழுத்தினால் பயண எண் அழியும். முறுக்கு தொட்ட நேரமெல்லாம் மீட்டர் அதை விரல் என்று நினைத்துக்கொண்டது. பட்டனை ஷார்ட் செய்துவிடு என்று யோசனை சொல்பவர்கள் இந்தப் பக்க விளைவைச் சொல்வதே இல்லை.

முறுக்கைப் பிரித்து, அழுகிய நீளத்தை வெட்டிப் போட்டு, பட்டனைப் பழையபடி இணைத்தேன். அதன் பிறகுதான் உண்மையான சோதனை. முன் கியர் பெட்டிக்குப் போகும் சுருளின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால் கிட்டத்தட்ட 24 ஓம். சுருள் நன்றாக இருக்கிறது என்று பொருள். இரண்டு ஒயரில் ஒன்றில் சாவி போட்டதுமே 12 வோல்ட் நிற்கிறது. மற்றதை மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் மின்னணு மாட்யூல் தேவைப்படும்போது எர்த் செய்கிறது. கனெக்டரை மறுபடி மாட்டிவிட்டு அந்த இரண்டு ஒயருக்கும் குறுக்கே ஒரு சின்ன சோதனை விளக்கைப் போட்டு வைத்தேன். முன்கியர், ஃபோர் வீல் போட்டால் விளக்கு எரிந்தது. ரிவர்ஸுக்கு மாற்றினால் அணைந்தது. மஞ்சள் பட்டனை அழுத்தினால் எரிந்தது, விட்டால் அணைந்தது.

இதைப் பார்த்த பிறகு வண்டிக்காரரைச் சரிவில் பின்னே வரச்சொல்லி, பக்கத்தில் நடந்துகொண்டே சக்கரங்களைக் கவனித்தேன். முன்னால் தகடும் வின்ச்சும் தொங்குவதால் எடை முன்பக்கம் குவிந்திருக்கிறது. பின்பக்கம் லேசு. மேட்டில் பின்னே ஏற முயன்றால், பின்சக்கரம் இரண்டும் பனியைச் சீவிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. சுழலச் சுழல எஞ்சின் வேகம் ஏறுகிறது. ஏறியதும் லிமிட்டர் குறுக்கிட்டுத் தீப்பொறியை வெட்டுகிறது. எஞ்சின் தும்முகிறது. ஓட்டுபவர் காதுக்கு அது "லிமிட்டர் பலத்தைத் தின்கிறது" என்று கேட்கிறது. நடந்தது வேறு. பிடியில்லாமல் சக்கரம் வெறுமே சுற்றியதால்தான் லிமிட்டர் வரம்பே எட்டப்பட்டது. எடை முழுக்க உட்கார்ந்திருக்கும் முன்சக்கரங்களோ சும்மா உருண்டுகொண்டிருந்தன.

பட்டனை அழுத்தியபடி மறுபடி வரச்சொன்னேன். ஏறிவிட்டது. அவர் முகத்தில் "நான் சொன்னேனல்லவா" என்ற பார்வை. லிமிட்டர் போனதும் பலம் வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. ஆக்சிலேட்டரைக் கால்வாசிக்கு மேல் கொடுக்காமல் இன்னொருமுறை வரச்சொன்னேன். அப்போதும் ஏறியது, எஞ்சின் லிமிட்டரின் வரம்புப் பக்கமே போகவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது முன்சக்கரம் மட்டும்தான்.

என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

பட்டனை நிரந்தரமாக ஷார்ட் செய்வது என்ற யோசனையின் கதி கராஜ் கதவில் பதிந்திருந்தது. அதையே கொஞ்சம் நாகரிகமாக, ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து "ரிவர்ஸுக்கு வந்தால் ஓவர்ரைடு தானாக விழட்டும்" என்று செய்பவர்களும் உண்டு. மீட்டர் குழப்பம் இருக்காது, முறுக்கு ஒயர் இருக்காது. ஆனால் லிமிட்டர் என்றைக்குமே இருக்காது. பேரப்பிள்ளை ஏறி உட்கார்ந்து தெரியாமல் ரிவர்ஸில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் வண்டி கேள்வி கேட்காமல் பாயும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வின்ச் சுவிட்சை மட்டும் இடம் மாற்றலாமா என்றும் யோசித்தோம். காலால் மிதிக்கிற சுவிட்ச் வைக்கலாம். பனிப் பூட்ஸின் தடித்த அடிக்குக் கீழே அது நசுங்கும், உறையும். ஒரே வாரத்தில் என்னைத் திரும்பக் கூப்பிடுவார்.

மிஞ்சியது, பட்டனைத் தொடாமல் சுருளுக்கு மட்டும் தனியாக ஒரு எர்த் வழி கொடுப்பது. ரிவர்ஸ் கியரில், அதுவும் ஓட்டுபவர் வேண்டும் என்று சொன்னால் மட்டும், சுருளின் எர்த் ஒயரை வண்டிச் சட்டத்தோடு சேர்க்க வேண்டும். மாட்யூலின் வழி அப்படியே இருக்கட்டும். அதற்கு இணையாக நம் வழி. மாட்யூல் எர்த் கொடுக்காதபோது நாம் கொடுத்தால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை, ஏனென்றால் அதுவும் அதே ஒயரை அதே எர்த்தோடுதான் சேர்க்கிறது. ஆனால் 12 வோல்ட் நிற்கும் பக்கத்தை யாராவது தவறாக எர்த் செய்தால் ஃபியூஸ் போகும். எந்த ஒயர் எது என்று அளந்து பார்க்காமல் கை வைக்கக்கூடாது. ஒயரின் நிறத்தை இங்கே சொல்லாமல் விட்டதற்கும் அதுதான் காரணம். ஆண்டுக்கு ஆண்டு நிறம் மாறும், மல்டிமீட்டர் பொய் சொல்லாது.

ரிவர்ஸ் கியரில் இருக்கிறோம் என்று நம் சுற்றுக்கு எப்படித் தெரியும்? கியர் பெட்டியிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரில் ஒட்டுப்போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு கியருக்கும் வெவ்வேறு மின்தடையை வைத்து எந்தக் கியர் என்று கண்டுபிடிக்கும் மாடல்களில் அந்த ஒயரில் எதைத் தொங்கவிட்டாலும் மீட்டர் தப்பாகப் படிக்கும். தனித்தனி ஒயர் உள்ள மாடல்களிலும் நம் பக்கத்து 12 வோல்ட் பின்வழியாக மீட்டருக்குள் கசிய இடமுண்டு. கியர் தண்டிலிருந்து பெட்டிக்குப் போகும் இணைப்புக் கம்பியின் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டையைத் திருகி, அதில் தண்ணீர் புகாத மைக்ரோ சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினேன். கம்பி ரிவர்ஸ் இடத்துக்கு வந்தால் அதில் மாட்டிய கிளிப் சுவிட்சின் நாக்கை அழுத்தும். இந்த வண்டியில் ரிவர்ஸ் இடமும், வண்டியை நிறுத்தி வைக்கும் ‘பார்க்’ இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ‘பார்க்’கிலும் நாக்கு அழுந்தியபடியே இருக்கும். நிற்கிற வண்டியில் முன்சக்கர இணைப்பு தயாராக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கிளிப்பை மில்லிமீட்டர் சுத்தமாகச் சீவ வேண்டியதும் இல்லை.

அடுத்து, ரிலே. இந்த மாதிரி மாற்றம் என்றால் கை தன்னாலே ரிலேவை எடுக்கும். இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 வோல்ட், 24 ஓம், அரை ஆம்பியர். ஐந்து ஆம்பியர் தாங்கும் மைக்ரோ சுவிட்சுக்கு அது கொசு. ரிலே வைத்தால் இன்னொரு சுருள், இன்னொரு சாக்கெட், ஈரம் புக இன்னும் ஐந்து முனை. வேண்டாம். சுருளின் எர்த் ஒயரிலிருந்து ஒரு டோகிள் சுவிட்ச் (தட்டிப் போடும் சின்ன நெம்பு சுவிட்ச்), அங்கிருந்து மைக்ரோ சுவிட்ச், அங்கிருந்து சட்டத்தில் சுரண்டிச் சுத்தம் செய்த ஒரு போல்ட். சுற்று அவ்வளவுதான்.

சுருள் என்றால் தொடர்பு விடுபடும் நொடியில் எதிர்த்து ஒரு மின்துடிப்பு கிளம்பும். மாட்யூலுக்குள் அதற்குக் காப்பு இருக்கலாம். நம் சுவிட்சுக்கு இல்லை. அதனால் சுருளுக்குக் குறுக்கே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 வகை டையோடு ஒன்று, கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம். திருப்பி மாட்டினால் சாவி போட்டு சுருள் விழும் நொடியிலேயே ஷார்ட்.

டோகிளை ஹேண்டில்பாரில் வைக்காமல், டேங்குக்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் மூடியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலை ஏற்பாட்டில், எஞ்சின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3,100 சுற்றுக்குக் கீழே இருந்தால்தான் மாட்யூல் முன்சக்கரத்தைப் புதிதாக இணைக்கும். பின்சக்கரம் வெறிபிடித்துச் சுழலும்போது உருளைகள் இறுகினால் முன் கியர் பெட்டியில் சம்மட்டி அடி விழும். நம் வழியில் அந்தக் காவல் இல்லை. ஆனால் கியரை ரிவர்ஸுக்கு மாற்ற வண்டி நின்று, எஞ்சின் ஐடிலில் இருந்தாக வேண்டும். மைக்ரோ சுவிட்ச் அந்த நொடியிலேயே சுருளைப் போட்டுவிடும்; ஆக்சிலேட்டர் அதற்குப் பிறகுதான். டோகிள் முன்கூட்டியே போட்டிருந்தால் வரிசை தானாகச் சரியாக இருக்கும். பின்னே போய்க்கொண்டிருக்கும்போது டோகிளைத் தட்டினால்தான் ஆபத்து. எட்டாத இடத்தில் வைத்தால் தட்டத் தோன்றாது. டோகிளுக்கு மேல் கவிழ்க்கிற மூடி ஒன்றும் போட்டேன், கையுறை பட்டு விழாமலிருக்க.

கடைசியாக ஒரு சின்ன ஆரஞ்சு எல்.இ.டி., ஆயிரம் ஓம் ரெசிஸ்டரோடு, சுருளுக்கு இணையாக. மீட்டரில் தெரியும் ஃபோர் வீல் குறி மாட்யூல் என்ன நினைக்கிறது என்பதைத்தான் சொல்லும். நாம் வேறு வழியில் போடும் மின்சாரத்தைப் பற்றி அதற்குத் தெரியாது. இந்த எல்.இ.டி. யார் போட்டாலும் எரியும், சுருளில் மின்சாரம் இருந்தால் எரியும். நம் ஒயர் என்றாவது உரசி சட்டத்தில் பட்டுவிட்டால், தீப்பிடிக்காது, ஏனென்றால் நாம் எடுத்தது எர்த் பக்கம். ஆனால் முன்சக்கர இணைப்பு எந்நேரமும் விழுந்தே கிடக்கும். கோடையில் ஃபோர் வீல் அணைத்த பிறகும் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒட்டுகளைச் சால்டர் செய்யவில்லை. அதிர்கிற வண்டியில் சால்டர் முடிகிற விளிம்பில்தான் ஒயர் முறியும். நல்ல கிரிம்ப் (நசுக்கி இறுக்கும் இணைப்பு), மேலே உள்பசை கொண்ட சுருங்கு குழாய், கனெக்டருக்குள் சிலிக்கான் கிரீஸ். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, எந்த ஒயரும் இறுகாத அளவு தளர்வு விட்டுக் கட்டினேன்.

பனியில்

முதல் பனியிலேயே வித்தியாசம் தெரிந்தது. ரிவர்ஸ் போட்டதும் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. இடது கட்டைவிரல் வின்ச்சோடு மட்டும் இருக்கிறது. மேட்டில் பின்னே ஏறும்போது பின்சக்கரம் கால் சுற்று வழுக்கியதும் முன்சக்கரம் பிடித்துக்கொள்கிறது. தும்மல் இல்லை. சமதளத்தில் வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை முழுக்கத் தள்ளிப் பார்த்தோம். நடை வேகத்தில் லிமிட்டர் வந்து தடுத்தது. மஞ்சள் பட்டனும் பழையபடி வேலை செய்கிறது, சேற்றில் மாட்டினால் தேவைப்படும்.

ஒரு விஷயம் எல்.இ.டி. வைத்ததால் மட்டுமே தெரிந்தது. தகட்டைத் தூக்கும்போது விளக்கு மங்கியது. ஐடிலில் இந்த எஞ்சினின் சார்ஜிங் குறைவு, வின்ச்சோ பேட்டரியை உறிஞ்சுகிறது. சுருளின் முனையில் அளந்தால் வோல்ட்டேஜ் 10 வரை இறங்கியது. அந்த நேரத்தில் காந்தத்தின் பிடி தளரும், தட்டு வழுக்கலாம், உருளைகள் அரைகுறையாக இறுகலாம். தகடு முழுக்க மேலே வந்த பிறகு ஆக்சிலேட்டர் கொடுங்கள் என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். பேட்டரியின் எர்த் முனையையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கியதில் இறக்கம் கொஞ்சம் குறைந்தது. முன் கியர் பெட்டியில் கிடந்த எண்ணெயையும் வடித்துவிட்டுக் கையேடு சொல்லும் வகையையே ஊற்றினோம். கடுங்குளிரில் தடித்த எண்ணெய் உருளைக் கூண்டை நகரவிடாது.

மற்ற வண்டிகளுக்கு இதை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். யமஹா கிரிஸ்லி போன்றவற்றில் முன் இணைப்பை ஒரு சின்ன மோட்டார் பல்லை நகர்த்திச் செய்கிறது. ஃபோர் வீல் போட்டிருந்தால் ரிவர்ஸிலும் அது போட்டபடியேதான் இருக்கும். அங்கே இந்தப் பிரச்சினையே இல்லை. இடையில் புகுந்து அந்த மோட்டாருக்குத் தனி மின்சாரம் கொடுத்தால், அது எங்கே நிற்கிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியாமல் போகும். கிரிஸ்லி 660இல் டிஃபரன்ஷியல் லாக் போட்டால் வேகம் மணிக்கு 35 கி.மீ.க்கு மேல் போகாதபடி ஒரு தடை உண்டு, அதை விலக்கவும் ஓவர்ரைடு பட்டன்தான். அதையும் ஷார்ட் செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு முன்சக்கரமும் பூட்டிக்கிடக்கும்போது ஹேண்டில்பார் எவ்வளவு கனக்கும் என்று ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் செய்ய மாட்டார்கள். பழைய ஹோண்டாக்களில் பிரேக் லீவரோடு சேர்ந்த சிவப்பு பட்டன், ரிவர்ஸ் கியர் தவறி விழாமலிருக்க வைத்த இயந்திரப் பூட்டு. மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இறக்கத்தில் நான்கு சக்கரத்தையும் எஞ்சினோடு பிடித்து வைக்கும் வசதி கொண்ட பிந்தைய பொலாரிஸ் மாடல்களில் முன் கியர் பெட்டியில் கூடுதல் சுருள்கள் உண்டு. அங்கே இந்தச் சுற்று பொருந்தாது.

பனிக்காலத்தின் நடுவில் ஒரு பழுது வந்தது. கியர் கம்பியில் உறைந்த பனிக்கட்டி மைக்ரோ சுவிட்சின் பட்டையை நெம்பி, போல்ட் தளர்ந்துவிட்டது. ரிவர்ஸில் விளக்கு எரியவில்லை, வண்டிக்காரர் மஞ்சள் பட்டனை அழுத்தி அன்றைய வேலையை முடித்துவிட்டார். நைலான் வளையம் கொண்ட நட் போட்டு, பட்டைக்கு மேல் பழைய டயர் ட்யூபில் வெட்டிய ஒரு மறைப்பைக் கட்டினேன். சுற்று வரைந்த தாளை லேமினேட் செய்து சீட்டுக்கு அடியில் டூல் பையில் வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும் நாளில் டோகிளின் கனெக்டரையும் மைக்ரோ சுவிட்சின் கனெக்டரையும் உருவிவிட்டால் வண்டி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். டையோடும் ஆரஞ்சு விளக்கும் இருந்துவிட்டுப் போகட்டும், வாங்குகிறவருக்கும் உதவும்.